முழங்கால் தேய்மான வலிக்கு உடற்பயிற்சி: வீட்டில் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலிக்கு மட்டும் உரியது. வயது 45ஐத் தாண்டியிருக்கும். நடந்தாலோ படி ஏறினாலோ வலி கூடும், ஓய்வெடுத்தால் தணியும். காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இந்த அடையாளங்கள் பொருந்தினால் எக்ஸ்ரே இல்லாமலே தேய்மானம் என்று மருத்துவர் முடிவு செய்யலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தேய்மானம் உள்ள எல்லோருக்கும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாக அளிக்கச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான்.

முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லித் தரும்போது தொடர்ந்து காண்பது ஒன்றுண்டு. பயிற்சி எது என்று தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. வரிசையை மாற்றியவர்கள், முதல் வாரத்திலேயே அளவை மீறியவர்கள், எளிதான பயிற்சியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டவர்கள் ஆகியோரே பயன் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே இங்கே பயிற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், எதற்குப் பின் எது, எவ்வளவு, எப்போது கூட்டுவது என்பதற்கே மிகுதியான இடம் தரப்பட்டிருக்கிறது.

எக்ஸ்ரே அறிக்கையில் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனிப் பயிற்சி எதற்கு என்று முடிவு கட்ட வேண்டாம். படத்தில் தெரியும் தேய்மானமும் நோயாளி உணரும் வலியும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. ஜவ்வு என்று சொல்லப்படும் குருத்தெலும்பு தேய்ந்தால் பயிற்சி அதை மீண்டும் வளர்க்காது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் வலுவையும் மூட்டு தாங்கும் திறனையும் அது கூட்டும். வலி குறைவது அதனால்தான்.

1. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். முழங்கால் சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழே விழுந்த பிறகு நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிவு உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலை உருவிவிடுவதோ எண்ணெய் தேய்த்து அழுத்துவதோ ஆபத்து.

மடக்கிய முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, படுத்திருந்தாலும் இரவு முழுவதும் குறையாத வலி, காரணமின்றி உடல் மெலிவது ஆகியவையும் பரிசோதனைக்கு உரியவை. காலை இறுக்கம் நெடுநேரம் விடாமல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து முதலில் தேவை. பயிற்சியின் வரிசையும் வேறு.

இதய நோய் உள்ளவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

2. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்று வேண்டும். பல வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலிதான். அது டைல்ஸ் தரையில் பின்னோக்கி வழுக்கும், எடை ஏறும்போது அதன் கால்கள் விரியும். மர நாற்காலி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்காலிதான் உண்டு என்றால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைச் செருகி, முதுகுப்பக்கம் சுவரை ஒட்டும்படி வைத்தால் உறுதி கூடும், இருக்கையும் சற்று உயரும்.

இருக்கையை மேலும் உயர்த்த, கெட்டியாக மடித்த ஜமுக்காளம் ஒன்று போதும். மெத்தென்ற தலையணை ஆகாது; அழுந்திப்போகும், உயரம் நாளுக்கு நாள் மாறும். இவற்றோடு ஒரு குளியல் துண்டு, கெட்டியான மெத்தை உள்ள கட்டில், பேனாவுடன் ஒரு நோட்டு ஆகியவையும் தேவை. தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் பாய் விரித்துச் செய்ய முயல வேண்டாம். எழும்போது படும் பாட்டிலேயே அன்றைய வலி தொடங்கிவிடும்.

புடவையோ வேட்டியோ காலில் சிக்கினால் விழ நேரும். சுடிதார் அல்லது கால்சட்டை வசதியானது. காலுறை மட்டும் அணிந்து டைல்ஸ் தரையில் நிற்கக் கூடாது. வெறுங்காலோடு உலர்ந்த தரையில் நிற்கலாம், இல்லையேல் பிடிப்புள்ள செருப்பு அணியலாம்.

முதல் நாளில் பயிற்சிக்கு முன் ஓர் அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டார் ஒருவரை 30 விநாடி பார்க்கச் சொல்லி, அதற்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, தேதியோடு நோட்டில் எழுத வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொள்வதே முறை. அப்படி முடியாவிட்டால் கையை ஊன்றிச் செய்து, 'கை ஊன்றி' என்று குறிக்க வேண்டும். வலி ஏறி இறங்கும் இயல்புடையது என்பதால், வலியை மட்டும் நம்பினால் முன்னேற்றம் கண்ணுக்குப் படாது. இந்த எண்ணிக்கை அதைக் காட்டிவிடும்.

3. வலியை அளக்கும் விதி

மற்ற எல்லாப் படிகளும் இந்த விதியின் மேல் நிற்பவை. இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டாம். வலியே இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்று வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு முன், பயிற்சியின்போது, மறுநாள் காலை என மூன்று முறை எண்ணிட்டு எழுத வேண்டும்.

பயிற்சியின்போது 2 வரை இருந்தால் கவலையில்லை. 3 முதல் 5 வரை இருந்தாலும் தொடரலாம். 5ஐத் தாண்டினால் அந்தப் பயிற்சியை நிறுத்தி, அதைவிட எளிதான வடிவத்துக்கு இறங்க வேண்டும். கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றாலோ மறுநாள் முழங்கால் வீங்கியிருந்தாலோ முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள்.

இந்த விதி இல்லாதவர்கள் இரண்டு வழிகளில் தடுமாறுகிறார்கள். சிலர் சிறிது வலித்ததுமே மூட்டு மேலும் தேய்கிறது என்று அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் வலித்தால்தான் பயன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்து, இரண்டு நாள் படுத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடுவது எதிர்பார்க்க வேண்டியதே. தசையில் ஏற்படும் புதிய வலியையும் மூட்டுக்குள் வரும் வலியையும் பிரித்தறிய வேண்டும்: தொடையின் நடுவில் அழுத்தினால் வலிப்பது உழைத்த தசையின் வலி; முழங்கால் மடிப்பின் ஓரங்களில் வலித்து வீங்குவது மூட்டின் வலி. முன்னது இரண்டொரு நாளில் போய்விடும். பின்னதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பயிற்சி செய்வதற்காகவே கூடுதல் வலி மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. அளவு மீறியதை உணர்த்தும் வலி மறைந்துவிடும்.

4. முதல் கட்டம்: கட்டிலில் செய்பவை

முதல் இரண்டு வாரங்களுக்கு உரியவை இவை. மூட்டில் உடல் எடையை ஏற்றுமுன் அசைவையும் தசையின் விழிப்பையும் திரும்பப் பெறுவதே நோக்கம். வலியும் வீக்கமும் உள்ள மூட்டில், தொடையின் முன்தசைக்குப் போகும் நரம்பின் ஆணை தானாகவே தணிக்கப்படுகிறது; தசை மெலிவதற்கு முன்பே அது சரிவர இறுகாமல் போகிறது. நடக்கும்போது முழங்கால் திடீரென்று மடங்கி விழப்போவது போன்ற உணர்வுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தசையை எழுப்பாமல் எழுந்து நின்று பயிற்சி செய்தால் இடுப்பும் மறு காலும் வேலையை எடுத்துக்கொள்ளும். வலுப்பெற வேண்டிய தசை அப்படியே இருக்கும்.

*குதிகாலை இழுத்தல்.* மல்லாந்து படுத்து, குதிகாலை மெத்தையில் உரசியபடி புட்டத்தை நோக்கி மெல்ல இழுத்து, பின் முழுவதும் நீட்ட வேண்டும். 10 முதல் 15 முறை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தும்போது திரவத்தை விட்டு, விடுபடும்போது மீண்டும் உறிஞ்சும் பஞ்சைப் போல, மூட்டுத் திரவத்திலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. ஆகவே அசைவு அதற்குத் தேவை. இதை நாள்தோறும், காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் செய்தால் முதல் சில அடிகளின் இறுக்கமும் குறையும்.

*முன்தசையை இறுக்குதல்.* காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலின் அடியில் வைத்து, முழங்காலின் பின்புறத்தால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். 5 விநாடி நிறுத்தி, 10 முறை. சரியாகச் செய்கிறோமா என்று அறிய, முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உட்பக்கத்தில் நான்கு விரல்களை வைத்துப் பார்க்கலாம்: அழுத்தும்போது விரல்களுக்கு அடியில் சதை கெட்டியாக வேண்டும், சில்லு தொடைப் பக்கமாக ஒரு நூல் அளவு மேலேற வேண்டும். புட்டம் மட்டும் இறுகி, சில்லு அசையாமல் இருந்தால் பயிற்சி நடக்கவில்லை. அப்போது நல்ல காலில் ஒரு முறை செய்து பார்த்து, அந்த உணர்வை நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் முயல வேண்டும்.

*காலை நீட்டியபடி உயர்த்துதல்.* மறு காலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இடுப்பு வளைந்து முதுகு வலிக்கும். முதலில் முன்தசையை இறுக்கி, பிறகே காலை ஏறத்தாழ ஒரு முழ உயரம் மேலே தூக்கி, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்க வேண்டும். 10 முறை ஒரு சுற்று, இரண்டு சுற்றுகள். தூக்கும் நொடியில் முழங்கால் தொய்ந்து சற்றே மடங்கினால் இந்தப் பயிற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை. முந்தையதையே இன்னும் சில நாள் செய்ய வேண்டும். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்வது அடுத்த பிழை. கட்டைவிரல் கூரையைப் பார்க்கட்டும்.

*இடுப்பை உயர்த்துதலும் பக்கவாட்டில் காலை உயர்த்துதலும்.* மல்லாந்து, இரு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்கி 3 விநாடி நிறுத்த வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மேலுள்ள காலை நேராகத் தூக்கி இறக்க வேண்டும். இரண்டும் தலா 10 முறை. முழங்கால் வலிக்கு இடுப்பில் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புட்டத்தின் பக்கத் தசை சோர்ந்தால் ஒற்றைக்காலில் நிற்கும் ஒவ்வோர் அடியிலும் இடுப்பு ஒருபுறம் சாயும், முழங்கால் உள்நோக்கி விழும். வலி பெரும்பாலும் முழங்காலின் உட்பக்கத்தில்தான் வருகிறது என்பதால் இந்தத் தசையைத் தவிர்க்க இயலாது.

எந்தப் பயிற்சியிலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

பயிற்சி முடிந்ததும் முழங்காலின் கீழ் வைத்த துண்டை எடுத்துவிட வேண்டும். சுகமாக இருக்கிறது என்று தலையணையை அடியில் வைத்தே இரவெல்லாம் தூங்குபவர்களுக்கு, நாளடைவில் முழங்கால் முழுவதும் நீளாமல் மடங்கியபடியே நின்றுவிடும். நீளாத காலால் நடக்கும்போது முன்தசை ஒரு கணமும் ஓய முடியாது, வலி கூடும்.

5. இரண்டாம் கட்டம்: நாற்காலியிலிருந்து எழுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கட்டிலில் செய்யும் பயிற்சிகள் சுலபமாகிவிட்ட பிறகும் அவற்றிலேயே தங்கிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. காலைத் தூக்கி இறக்குவதில் ஒருவர் தேர்ந்துவிடலாம்; ஆனால் பேருந்து இருக்கையிலிருந்து எழும்போதும் கழிவறையிலிருந்து எழும்போதும் தேவைப்படுவது உடல் எடையைத் தாங்கி எழும் வலு. அது எடையைத் தாங்கினால்தான் வரும்.

தொடங்கும் உயரம் முக்கியம். உட்கார்ந்த நிலையில் இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி ஜமுக்காள மடிப்பால் இருக்கையை உயர்த்த வேண்டும். இருக்கை தாழத் தாழ முழங்கால் மடிப்பு கூடும். சில்லுக்கு அடியில் அழுத்தமும் கூடும். முதல் நாளே தாழ்ந்த நாற்காலியில் தொடங்கி வலி கண்டவர்கள் பயிற்சியின் மேல் பழி போடுகிறார்கள். உண்மையில் உயரம்தான் பிழை.

செய்யும் முறை இது. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்கள் தோள் அகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை உடலை முன்னோக்கிச் சாய்த்து, பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழ வேண்டும். நிமிர்ந்து நின்று புட்டத்தை இறுக்கி ஒரு கணம் நிறுத்தி, பிறகு இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, நான்கு எண்ணும் நேரத்தில் மெல்ல உட்கார வேண்டும்.

இதை ஒருவர் செய்யும்போது எதிரில் நின்று பார்த்தால் மூன்று பிழைகள் தெரியும். எழும் நொடியில் வலியுள்ள முழங்கால் உள்பக்கமாக விழுந்து மறு முழங்காலை நெருங்கும். முழங்கால் இரண்டாவது கால்விரலின் திசையிலேயே செல்ல வேண்டும். அடுத்து, உடல் நல்ல காலின் பக்கம் சாயும். வலிக்கும் கால் பெயருக்குத் தரையில் இருக்கும், எடை முழுவதும் மறு காலில் இறங்கும். இப்படியே பல வாரம் செய்தால் வலுவான கால்தான் மேலும் வலுப்பெறும். கண்ணாடி முன் செய்தால் இதைத் தாமே கண்டு திருத்தலாம். மூன்றாவது, உட்காரும்போது கடைசி ஒரு சாண் தொலைவில் உடலைப் போட்டுவிடுவது. தசை வலுப்பெறுவதற்கு மெல்ல இறங்கும் அந்தப் பகுதி மிக முக்கியமானது என்பதோடு, தொப்பென்று விழுவது முதுகெலும்புக்கும் நல்லதன்று.

முதலில் 8 முறை, இரண்டு சுற்றுகள். சுற்றுகளுக்கு இடையில் ஒன்று அல்லது இரண்டு நிமிட ஓய்வு. கடைசி இரண்டு முறை சற்றுக் கடினமாக உணர வேண்டும். அந்தக் கடினம் இல்லாவிட்டால் தசைக்கு வளரக் காரணம் இல்லை. கூட்டும் வரிசை பின்வருமாறு: முதலில் எண்ணிக்கையை 12 ஆக்குவது, பிறகு மூன்றாம் சுற்றைச் சேர்ப்பது, பிறகு கைப்பிடியை விட்டுவிடுவது, அதன் பின் ஜமுக்காளத்தின் ஒரு மடிப்பை எடுப்பது. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் மறுநாள் வலித்தபோது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

6. நின்று செய்யும் துணைப் பயிற்சிகள்

எழுதல் பயிற்சி ஒரு வாரம் நன்றாக நடந்த பிறகு இவற்றைச் சேர்க்கலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி மெல்ல இறக்குவது முதலாவது. 10 முதல் 15 முறை. கெண்டைத் தசை வலுப்பெற்றால் நடையில் ஒவ்வோர் அடியையும் உந்தித் தள்ளும் வேலை முழங்காலிலிருந்து சற்று விலகும்.

ஒற்றைக்காலில் நிற்பது இரண்டாவது. மேடையின் விளிம்பில் விரல்நுனிகளை மட்டும் வைத்து 10 விநாடி நின்று, காலை மாற்ற வேண்டும். வலி உள்ளவர்கள் மூட்டின் நிலையைச் சரிவர உணர்வதில்லை. அந்த உணர்வைப் பழக்குவதற்கு இது. கண்ணை மூடிக்கொண்டு செய்வதெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு வேண்டாத துணிச்சல்.

7. படியேறும் பயிற்சி

நாற்காலியில் கை ஊன்றாமல் 10 முறை எழ முடிந்த பிறகே இதற்கு வர வேண்டும். ஒரு காலே முழு எடையையும் தாங்க வேண்டிய பயிற்சி இது. 10 செ.மீ. அளவிலான தாழ்ந்த படி தொடக்கத்துக்கு ஏற்றது. உட்காரும் மணைப்பலகையைப் படியாகப் பயன்படுத்தக் கூடாது. டைல்ஸ் தரையில் அது வழுக்கும். அசையாத வாசற்படியோ கைப்பிடிச்சுவர் உள்ள மாடிப்படியின் முதல் படியோ போதும்.

வலிக்கும் காலைப் படியின் மேல் முழுவதும் வைத்து, தரையில் உள்ள காலால் எம்பாமல், மேலுள்ள காலின் வலுவால் ஏறி, அதே காலால் தாங்கி மெல்ல இறங்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 6 முதல் 8 முறை.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் எழும். அன்றாடம் மாடி ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து ஏற வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கும். அது மூட்டைக் காக்கும் வழி. வலி மிகுந்த நாள்களுக்கும் கையில் சுமை உள்ளபோதும் பொருந்தும். பயிற்சியில் அதற்கு மாறாக வலிக்கும் காலுக்கே வேலை தருகிறோம், குறைந்த உயரத்தில், கைப்பிடியின் துணையோடு, எண்ணிக்கை வரம்போடு. இரண்டையும் அவற்றுக்குரிய நேரத்தில் செய்ய வேண்டும்.

8. நடை

நடைப்பயிற்சியை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. வலிக்குப் பயிற்சி என்றதும் பலரும் மறுநாளே பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்குகிறார்கள். வலுவிழந்த தசையோடு ஆயிரக்கணக்கான அடிகள் எடுத்து வைத்தால் மூட்டு வீங்குகிறது. பயிற்சி தமக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே வலியின்றி நடப்பவர்கள் அதைக் குறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், முதல் கட்டம் முடிந்த பிறகு, 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும்.

சமதளமான பாதையும் மெத்தென்ற அடிப்பாகம் உள்ள காலணியும் வேண்டும். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுவே அளவு. 30 நிமிடத்தைக் காலை, மதியம், மாலை எனப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடப்பதும் பயனுள்ளதே.

கைத்தடி பிடிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் அதே பக்கத்தில் பிடித்து உடலை வலிக்கும் கால் மேலேயே சாய்க்கிறார்கள்.

9. வார அட்டவணையும் கூட்டும் வேகமும்

கட்டிலில் செய்யும் அசைவுப் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். எழுதல், படியேறுதல் போன்ற வலுவூட்டும் பயிற்சிகளை வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்ய வேண்டும். தசை தேறுவது அந்த இடைநாளில்தான். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காக டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் என்ற பயிற்சித் திட்டத்திலும் வாரம் இரு முறை என ஆறு வாரத்துக்கு 12 வகுப்புகளே நடத்துகிறார்கள். தினமும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்ற அவசரம் இங்கே உதவாது.

வேளையைப் பொறுத்தவரை, இறுக்கம் விட்ட பிறகு, காலை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்தோ மாலையிலோ செய்வது ஏற்றது. பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அசைவு எளிதாகும். பயிற்சிக்குப் பின் சூடோ வீக்கமோ இருந்தால் துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். பாதத்திலோ முழங்காலிலோ உணர்ச்சி குறைந்தவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும். சூடு பட்டது தெரியாமல் தோல் வெந்துவிடும்.

மூட்டைச் சுற்றி அணியும் நீ கேப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மூட்டு நிலைகுலைந்து, அது இல்லாமல் பயிற்சியே செய்ய முடியாது என்ற நிலையில் அணியலாம். அதையே நாளெல்லாம் மாட்டிக்கொண்டு பயிற்சியைக் கைவிடுவது தவறு.

முதல் மூன்று வாரங்களில் பெரிய மாற்றம் தெரியாது. தசையின் வலு கணிசமாகக் கூட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பயன் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கப் பன்னிரண்டு வாரங்களாவது தர வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை 30 விநாடிச் சோதனையைத் திரும்பச் செய்து நோட்டில் எழுத வேண்டும். வலி எண் மாறாமல் இருந்தும் எழும் எண்ணிக்கை கூடியிருந்தால் பாதை சரிதான். வலி பின்னர் குறையும்.

10. வலி ஏறிய நாள்களில் செய்ய வேண்டியவை

திருமணத்தில் நெடுநேரம் நின்றதாலோ கோயில் படி ஏறியதாலோ வலி திடீரென்று கூடும் நாள்கள் வரும். அப்போது முழு ஓய்வு எடுப்பதும் வழக்கம்போல் முழுவதும் செய்வதும் தவறு. இரண்டு மூன்று நாளுக்கு முதல் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும்: குதிகாலை இழுத்தல், முன்தசையை இறுக்குதல், வீட்டுக்குள் சிறிது நடை. வலி பழைய எண்ணுக்கு வந்ததும், விட்ட இடத்தில் பாதி அளவோடு தொடங்கி, இரண்டு மூன்று அமர்வுகளில் பழைய நிலையை எட்ட வேண்டும். ஒரு வாரம் ஆகியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

11. பயிற்சி நேரத்துக்கு வெளியே

அரை மணி நேரப் பயிற்சியின் பலனை மீதி நாள் அழித்துவிடக்கூடும். தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் இருப்பது, குத்துக்காலிட்டுக் காய் நறுக்குவது, இந்தியக் கழிவறையில் உட்கார்ந்து எழுவது ஆகியவை முழங்காலை முழு மடிப்பில் வைத்து எடை ஏற்றுபவை. வலி தணியும்வரை காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றி, கழிவறைக்கு மேல் வைக்கும் கமோடு நாற்காலியைப் பயன்படுத்தலாம். இவை எல்லோருக்கும் என்றென்றைக்கும் விலக்கப்பட்டவை அல்ல. வலுக் கூடிய பின் தரையில் உட்காரும் பழக்கத்துக்கு மெல்லத் திரும்பியவர்கள் உண்டு.

உடல் எடை மிகுந்தவர்களுக்கு ஒரு கணக்கு: 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும், ஓர் அடி எடுத்து வைக்கும்போது முழங்கால் மீது விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. பயிற்சியோடு உணவையும் சேர்த்துக் கவனித்தவர்களுக்கே வலி மிகுதியாகக் குறைகிறது.

வெளியே செல்ல முடியாத முதியவர்கள் தமிழ்நாட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவச் சேவையும் வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். முதல் இரண்டு அமர்வுகளையாவது பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்துத் திருத்துவது, எந்தக் காணொளியைப் பார்த்துச் செய்வதைவிடவும் நல்லது.

12. பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு

வலி குறைந்தவர்கள் பயிற்சியை நிறுத்திவிடுவதால் சில மாதங்களில் வலு இறங்கி வலி திரும்புகிறது. இந்தக் கட்டத்தில் வாரம் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து எழுதல், படியேறுதல், பக்கவாட்டில் காலை உயர்த்துதல் ஆகிய மூன்றை மட்டும் தொடர்ந்தால் போதும். சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். அது ஒரு கிலோ எடை. சில வாரங்களுக்குப் பின் இரண்டு பாட்டில்கள்.

முறையாகச் செய்தும் வலி குறையாமல், இரவுத் தூக்கம் கெட்டு, அன்றாட வேலைகள் தடைப்படுபவர்கள் எலும்பியல் மருத்துவரிடம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அந்த முடிவுக்கு வந்தாலும் அறுவை சிகிச்சை நாள் வரை, வலி விதிக்கு உட்பட்டு, முதல் இரு கட்டப் பயிற்சிகளைத் தொடரலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் நாள்களிலேயே செய்யச் சொல்லப்படுபவையும் பெரும்பாலும் முன்தசையை இறுக்குதல், குதிகாலை இழுத்தல், காலை நீட்டி உயர்த்துதல் ஆகியவையே. அவற்றை முன்பே பழகியவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய சிரமம் இராது.